பனிக்காலத்துப் புழக்கடை

அடைமழை ஓய்ந்து மார்கழிப் பனி இறங்கிவிட்டால், "இனி என்னங்க, காட்டுல பெருசா வேலை இல்லை" என்று நம்மில் பலர் சொல்லுவோம். நெல் முற்றிக்கொண்டிருக்கும். மஞ்சள் மண்ணுக்குள் பருத்துக்கொண்டிருக்கும். உழவும் இல்லை, நடவும் இல்லை. ஆனால் வீட்டுக்குப் பின்னால் கிடக்கும் ஐந்து சென்ட் இடத்தில் கார்த்திகை தொடங்கி மாசி வரைக்கும் ஏதாவது ஒன்று நடந்துகொண்டேதான் இருக்கிறது. காட்டில் நடப்பதும் அதேதான். என்ன, காட்டைச் சுற்றிவர அரைநாள் ஆகும். புழக்கடையைப் பல் துலக்கும் நேரத்தில் பார்த்துவிடலாம். இயற்கை வேளாண்மைக்கு வர நினைக்கிற இளைஞர்கள் "எங்கிருந்து தொடங்கறதுங்க?" என்று கேட்கும்போதெல்லாம், நான் வீட்டின் பின்வாசலைக் காட்டுகிறேன்.

எங்கள் பக்கம், ஈரோட்டு மாவட்டத்தில், புழக்கடையைப் பொடக்காளி என்போம். எங்கள் பொடக்காளியில் ஒரு வேம்பு, ஒரு மா, இரண்டு முருங்கை, ஒரு நெல்லி, கறிவேப்பிலை, தண்ணீர் போகிற இடத்தில் நாலு வாழை, ஓர் அவரைப் பந்தல், பொங்கல் பானைக்கு என்று கொஞ்சம் மஞ்சள். அவ்வளவுதான். கடந்த பனிக்காலத்தில் இந்த இடம் இருக்குமா, இல்லை சிமெண்ட் தரையாகிவிடுமா என்கிற நிலை வந்தது. அந்த நான்கு மாதம் அதைத் தினமும் பார்த்ததுதான் எங்களுக்கு வழி காட்டியது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அம்மா விழுந்த இடம்

ஐப்பசி நடுவில் ஒரு காலை, துவைக்கிற கல் பக்கத்தில் பாசி வழுக்கி அம்மா விழுந்துவிட்டார். இடுப்பெலும்பு முறிவு. அறுவை செய்து, வீட்டுக்குக் கூட்டி வந்து, பின்வாசலை ஒட்டிய அறையில் ஜன்னலோரமாகக் கட்டில் போட்டோம். எழுபது வயதைத் தாண்டியவர். கோழிக்குத் தீவனம் போடுவதும், கீரை கிள்ளுவதும், சருகு கூட்டுவதும் அவர் வேலை. அவை எல்லாம் ஒரே நாளில் நின்றுபோயின.

திருப்பூரில் இருக்கும் அண்ணன் பார்க்க வந்தார். பார்த்துவிட்டு, "தம்பி, இந்தச் சேறும் பாசியும் இனி வேண்டாம்டா. மொத்தத்தையும் சிமெண்ட் போட்டறலாம். நான் காசு தர்றேன். அம்மா இன்னொரு தடவை விழுந்தா எந்திரிக்க மாட்டாங்க" என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. வயதானவர்களுக்கு இரண்டாவது விழுகை எவ்வளவு ஆபத்து என்பது எல்லோருக்கும் தெரியும். என்னால் மறுத்துப் பேச முடியவில்லை. அம்மாதான், "தை பொறக்கட்டும் கண்ணு, அப்புறம் பாத்துக்கலாம். பந்தல்ல அவரை பூக்கற நேரத்துல எதையும் வெட்டாதீங்க" என்று நாள் தள்ளினார்.

மறுநாளிலிருந்து காலையில் காப்பி கொண்டுபோய்க் கொடுத்தால் முதலில் ஒரு கேள்வி வரும். "வாலாட்டி வந்துருச்சா?" "முருங்கையில எலை பழுக்குதா?" "மாமரத்துல மொட்டுக் கண்ணு தெரியுதா?" ஜன்னலில் தெரிகிற அளவு அவர் பார்ப்பார். மீதியை நான் போய்ப் பார்த்து வந்து சொல்ல வேண்டும். மகள் பழைய பள்ளிக்கூட நோட்டு ஒன்றைக் கொடுத்தாள். அன்றன்றைக்குப் பார்த்ததை ஒரு வரி எழுதி வைத்தேன்.

கார்த்திகை: வந்து சேர்ந்த விருந்தாளிகள்

வாலாட்டிக் குருவியில் இரண்டு வகையை எங்கள் ஊரில் பார்க்கலாம். கறுப்பும் வெள்ளையுமாக, கண்ணுக்கு மேல் வெள்ளைப் புருவத்தோடு இருப்பது ஆண்டு முழுக்க இங்கேயே இருக்கிற உள்ளூர்க்காரி. முதுகு சாம்பலாகவும் வாலடி மஞ்சளாகவும் இருப்பது இமயமலை ஓடைகளில் குஞ்சு பொரித்துவிட்டுப் பனிக்காலத்துக்கு நம்மிடம் வருவது. அம்மா கேட்டது இரண்டாவதை. வாழைக்குப் போகிற கழிவுநீர் வாய்க்காலில் வாலை ஆட்டிக்கொண்டு, கொசுப்புழுவையும் ஈயையும் பொறுக்கிக்கொண்டு இருந்தது. போய்ச் சொன்னதும், "வந்துட்டாளா, சரி" என்றார், சொந்தக்காரர் வந்தது போல.

வேலிக்காலில் ஒரு பழுப்புக் கீச்சான். வட கிழக்கு ஆசியாவிலிருந்து வருகிற பறவை. வந்து சேர்ந்ததும் தனக்கென ஓர் இடம் பிடித்துக்கொண்டு, பனிக்காலம் முழுக்க அதே கம்பத்தில் உட்கார்ந்து வெட்டுக்கிளியையும் வண்டையும் பிடிக்கிறது. மாமரத்தின் உச்சியில் 'ச்சிவீ ச்சிவீ' என்று ஓயாத சத்தம். ஆளைக் காண முடியாது. பச்சைக் கதிர்க்குருவி. பத்து கிராம்தான் எடை இருக்கும். இலை நிறத்தில் இருப்பதால் இலையோடு இலையாக மறைந்துவிடும். ஒவ்வொரு இலையாகத் திருப்பிப் பார்ப்பது போலச் சின்னச் சின்னப் பூச்சிகளைப் பொறுக்கித் தின்னும். மாவுக்கு நாம் ஒரு பைசா செலவில்லாமல் வைத்திருக்கும் பண்ணையாள் இது. மருந்தடித்த மரத்தில் இதற்கு வேலையும் இல்லை, சோறும் இல்லை.

எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிய செய்தி, ஆறுமணிக் குருவி. பச்சை முதுகு, மஞ்சளும் பழுப்பும் கலந்த நெஞ்சு, சிவந்த அடிவயிறு, இறக்கையில் நீலம். இந்தியில் இதை நவரங், அதாவது ஒன்பது நிறம், என்கிறார்கள். வடக்கே கோடையில் கூடுகட்டிவிட்டு, மழைக்காலம் முடியும்போது தெற்கே வருகிறது. விடியலிலும் பொழுது சாயும்போதும் இரண்டு சீழ்க்கையாகக் கூப்பிடும். அதனால்தான் அந்தப் பெயர். இது மரத்தில் தேடித் தின்பதில்லை. தரையில் கிடக்கும் சருகைப் புரட்டிப் புரட்டி, அடியில் இருக்கும் புழு பூச்சியைத் தின்கிறது. நெல்லி மரத்தடியில் அம்மா கூட்டிக் குவித்து வைத்திருந்த பழைய சருகில்தான் அதைப் பார்த்தேன். சருகு இல்லாத இடத்தில் அது இறங்காது. சிமெண்ட் தரையைப் பற்றி அண்ணன் சொன்னது அப்போது மனதுக்குள் வந்து போனது.

அதே சருகைக் கையால் விலக்கிப் பார்த்தேன். அடியில் ஈரம். மண்புழு தள்ளிய மண் குருணை குருணையாகக் குவிந்திருந்தது. கார்த்திகையில் வெட்டவெளியிலும் இந்தக் குவியல்கள் இருந்தன. மேல்மண் காயக் காய வெட்டவெளியில் குறைந்து, தை பிறந்தபோது மூடாக்கு இருந்த இடங்களில் மட்டும்தான் புதுக் குவியல் கண்ணில் பட்டது. மூடாக்கின் பயனைப் பற்றி எத்தனையோ கூட்டங்களில் கேட்டிருக்கிறோம். நெல்லி மரத்தடியில் ஒரு பக்கம் சருகோடும் ஒரு பக்கம் வெறுந்தரையாகவும் விட்டு, வாரம் ஒருமுறை விரலை விட்டுப் பாருங்கள். யாரும் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை.

இன்னொன்று. மார்கழியில் குளிர்காயச் சருகைக் கூட்டி எரிக்கிற பழக்கம் பல ஊரில் இருக்கிறது. ஒரு கைப்பிடியை எரித்துக் குளிர்காயுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. மீதியை மரத்தடியில் போடுங்கள்.

மார்கழி: நிழல் எங்கே விழுகிறது?

டிசம்பர் 21, 22, அதாவது மார்கழி முதல் வாரத்தில்தான் ஆண்டிலேயே பகல் மிகக் குறைவு. ஈரோட்டில் அன்றைக்குப் பகல் ஏறத்தாழ 11½ மணி நேரம். ஆனி மாதத்தில் அது ஏறத்தாழ 12¾ மணி நேரம் இருக்கும். வித்தியாசம் ஒன்றேகால் மணி நேரம்தான். பகல் நீளத் தொடங்கிவிட்டாலும் காலை வெளிச்சம் உடனே சீக்கிரம் வந்துவிடாது. மார்கழி முதல் வாரத்தைவிடத் தை முதல் வாரத்தில் சூரியன் ஏறத்தாழ பத்து நிமிடம் தாமதமாக உதிக்கிறது. பொழுது சாய்வதும் அதைவிட அதிகமாகத் தள்ளிப் போகிறது. தையில் காலையில் எழுந்திருக்கச் சோம்பலாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று வைத்துக்கொள்ளலாம்.

எங்கள் வீடு தெற்குப் பார்த்தது. ஆகவே பொடக்காளி வடக்கே. புரட்டாசி முதல் வாரத்திலிருந்து பங்குனி முதல் வாரம் வரை சூரியன் கிழக்குக்குத் தெற்கே உதித்து, நாள் முழுக்கத் தென்பாதி வானத்திலேயே நடந்து, மேற்குக்குத் தெற்கே மறைகிறது. வடக்குச் சுவரடியில் அந்த ஆறு மாதமும் ஒரு பொட்டு வெயில் விழாது. மார்கழி ஏழாம் நாள் நடுப்பகலில் சுவரின் நிழல் முடிகிற இடத்தில் நாலைந்து குச்சி நட்டு, அடிக்கோலால் அளந்தேன். பத்தடி உயரச் சுவருக்கு ஏறத்தாழ ஏழு அடி நிழல். நடுப்பகல் நிழல் இதற்கு மேல் நீளாது. அந்தக் குச்சிகளுக்கு வடக்கே உள்ள இடத்துக்கு ஆண்டு முழுக்க நடுப்பகல் வெயில் உண்டு.

துவைக்கிற கல் இருந்தது சுவரிலிருந்து மூன்றடியில். புரட்டாசியில் வெயில் விலகியது, ஐப்பசியில் மழை சேர்ந்தது, தினமும் துவைக்கிற தண்ணீர் வேறு. பாசி படராமல் என்ன செய்யும்? இதை அம்மாவிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்பொ சிமிண்டி போட்டாலும் அங்க பாசி புடிக்கும்ல?" என்று கேட்டார். அதுவரை எனக்கு அது தோன்றவே இல்லை. பக்கத்துப் பங்காளி வீட்டில் வடக்குப் பக்கம் சிமெண்ட் போட்டிருக்கிறார்கள். போய்ப் பார்த்தேன். சுவரடியில் பச்சைப் பசேலென்று பாசி.

உங்கள் புழக்கடை எந்தத் திசையில் இருந்தாலும் இந்தக் குச்சி வேலையை ஒரு மார்கழியில் செய்து வைத்துக்கொள்ளுங்கள். எங்கே கீரைப் பாத்தி, எங்கே வாழை, எங்கே புதினா, எங்கே உரக்குழி என்பதெல்லாம் அதில் தெளிவாகிவிடும். தக்காளிக்கும் மிளகாய்க்கும் நிழல் ஆகாது. புதினா கொஞ்சம் நிழலைத் தாங்கும்.

பனியும் அடுப்படியும்

நம் முன்னோர் பனிக்காலத்தை இரண்டாகப் பிரித்தார்கள். மார்கழியும் தையும் முன்பனி. இரவின் முற்பகுதியிலேயே பனி இறங்கிவிடும். மாசியும் பங்குனியும் பின்பனி. விடியலை ஒட்டிப் பனி இறங்கும். மேகம் இல்லாத இரவில் தரையும் இலையும் தங்கள் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டுக் குளிர்ந்துபோகின்றன. குளிர்ந்த இலையைத் தொடுகிற காற்றின் ஈரம் துளியாகிறது. அதனால்தான் மரத்தடியில் பனி குறைவு, வெட்டவெளியில் அதிகம். காலையில் பந்தல் அவரை நனைந்து நிற்கும். மாமரத்துக்குக் கீழே புல் காய்ந்தே இருக்கும்.

இதில் கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது, பனி ஈரத்தோடு அவரை பறிக்கப் போகக்கூடாது. துரு நோயோ இலைப்புள்ளியோ ஒரு கொடியில் இருந்தால், ஈரக் கையோடு நாமே அதை அடுத்த கொடிக்குக் கொண்டுபோவோம். வெயில் ஏறி இலை காய்ந்த பிறகு பறிக்க வேண்டும். இரண்டாவது, ஆடுகளைப் பனிப்புல்லில் மேயவிடக்கூடாது. குடற்புழுவின் குட்டிகள் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு புல் நுனிக்கு ஏறியிருக்கும். "பனி காயட்டும், அப்புறம் பட்டியைத் தொற" என்று பெரியவர்கள் சொன்னதில் விவரம் இருக்கிறது. மூன்றாவது, பூசணி, பீர்க்கு இலைகளில் வெள்ளையாக மாவு தூவினாற்போல் சாம்பல் நோய் வருகிற காலம் இது. தொடக்கத்திலேயே அந்த இலைகளைக் கிள்ளி அப்புறப்படுத்தி, புளித்த மோரைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்தால் கட்டுக்குள் நிற்கும்.

வீட்டுக்குள்ளேயும் பனிக்காலம் தன் கணக்கைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. உறை ஊற்றிய தயிர் காலையில் பாலாகவே இருந்தால், அதே குளிரில் ஜீவாமிர்தமும் மெதுவாகத்தான் புளிக்கும். வெயில் காலத்தைவிட ஒன்றிரண்டு நாள் கூடுதலாக விட்டு, கலக்கிவிட்டு, நுரையும் வாசமும் பார்த்துப் பயன்படுத்த வேண்டும். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கும். குளியலறையில் எண்ணெய்ப் புட்டி உறைந்திருந்தால் அதுதான் நம் வெப்பமானி. நாட்டுக்கோழி முட்டை குறைந்தால் தீவனத்தை மட்டும் குறை சொல்ல வேண்டாம். பகல் குறைந்தால் முட்டையும் குறையும். கறிவேப்பிலை துளிர்க்காமல் நிற்கிறதே என்று உரத்தை அள்ளிக் கொட்டவும் வேண்டாம். குளிரில் அது உறங்குகிறது. முருங்கையும் அப்படித்தான். இலை மஞ்சளாகி உதிரும், பூ நிற்காது, சந்தையில் காய் விலை ஏறும். இதெல்லாம் மரத்துக்கு வந்த நோய் இல்லை, பருவம்.

அவரைப் பந்தலில் விழுந்த பேன்

நாட்டுப் பந்தல் அவரையை ஆடியில் ஊன்றினாலும் சரி, புரட்டாசியில் ஊன்றினாலும் சரி, பகல் குறைகிற வரை கொடியும் இலையுமாகத்தான் ஓடும். பகல் குறைந்தால்தான் பூ. அந்த ஒன்றேகால் மணி நேர வித்தியாசத்தைக் கடிகாரம் இல்லாமல் கணக்குப் பார்க்கிற செடி அது. பொங்கலுக்கு அவரையும் மொச்சையும் ஏன் வந்து சேர்கின்றன என்பதற்கு இதுதான் காரணம்.

எங்கள் பந்தலில் மார்கழி பத்து வாக்கில் பூங்கொத்துகளின் தண்டில் கறுப்பாக அசுவினி அப்பியது. எங்கள் ஊர்ப் பேச்சில் பேன். இரண்டு நாள் மேகமூட்டம் இருந்தது, அது பெருக வசதியாகிவிட்டது. என் மனைவி அந்த அவரையை உழவர் சந்தைக்குக் கொண்டுபோய் விற்பவர். பொங்கலுக்கு முந்தைய இரண்டு வாரம்தான் நல்ல விலை. பங்காளிச் சித்தப்பா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "ஏம்ப்பா, ஒரு மூடி மருந்து கலந்து அடிச்சா ரெண்டு நாள்ல எல்லாம் சுத்தமாயிரும். இப்படியே உட்டா பொங்கலுக்கு ஒரு காய் தேறாது" என்றார். மனைவி என்னைப் பார்த்தார். அவர் வாயைத் திறக்கவில்லை; அந்தப் பார்வையில் பொங்கல் செலவு முழுக்க இருந்தது.

அம்மாவிடம் போய்ச் சொன்னேன். "எறும்பு ஏறுதா பாரு. பொறிவண்டு வந்துருச்சா பாரு" என்றார். பார்த்தேன். கட்டெறும்பு வரிசை பந்தல் காலில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அசுவினி வெளியேற்றும் இனிப்பு நீருக்காக எறும்பு அதற்குக் காவல் நிற்கிறது. பொறிவண்டு வந்தால் விரட்டுகிறது. பொறிவண்டு அங்கொன்றும் இங்கொன்றும் இருந்தது. அதன் புழுவும் இருந்தது. இந்தப் புழுவை நம்மில் பலருக்கு அடையாளம் தெரியாது. கறுப்பாக, ஆரஞ்சுப் பொட்டுகளோடு, குட்டி முதலை போல இருக்கும். பார்க்க அருவருப்பாக இருப்பதால் கெட்ட பூச்சி என்று நசுக்கிவிடுகிறோம். வண்டைப் போலவே இந்தப் புழுவும் அசுவினியைத் தின்று தீர்ப்பது. இலைப் பச்சையில், கால் இல்லாமல், அட்டை போல நெளிந்தது சிர்பிட் ஈயின் புழு. நூல் போன்ற காம்பின் நுனியில் வெள்ளைப் பொட்டாக நின்றவை கண்ணாடி இறக்கைப் பூச்சியின் முட்டைகள். சில அசுவினிகள் உப்பி, பழுப்பு நிறத்தில் அசையாமல் ஒட்டிக்கிடந்தன. குளவி இனத்துச் சின்னஞ்சிறு ஒட்டுண்ணி உள்ளே வளர்கிறது என்று அர்த்தம்.

படை வந்துவிட்டது, எண்ணிக்கைதான் பத்தவில்லை. அதற்கு நேரம் கொடுக்க வேண்டும். செய்தது இவ்வளவுதான். பந்தல் கால்களில் பழைய துணியைச் சுற்றி வேப்பெண்ணெயில் நனைத்து எறும்பின் வழியை அடைத்தோம். மிக மோசமாக அப்பியிருந்த நுனிகளைக் கிள்ளி எடுத்தோம். மார்கழியில் வெந்நீர் அடுப்பு தினமும் எரிவதால் சாம்பலுக்குப் பஞ்சம் இல்லை. சலித்து, அதிகாலையில் பனி ஈரம் இருக்கும்போதே அசுவினி அதிகமாக இருந்த கொத்துகளில் மட்டும் தூவினோம். ஈரத்தில் சாம்பல் ஒட்டிக்கொள்ளும். பொறிவண்டுப் புழு இருந்த கொத்துகளைத் தொடவில்லை. இதற்கும் அடங்காவிட்டால் 100 லிட்டர் தண்ணீருக்கு 5 கிலோ என்ற கணக்கில் வேப்பங்கொட்டைச் சாறு அடிக்கலாம் என்று கொட்டையை இடித்து ஊற வைக்கும் அளவுக்குத் தயாராக இருந்தோம்.

அடிக்க வேண்டி வரவில்லை. நான்காம் நாள் மேகம் விலகியது. ஏழாம் நாள் பொறிவண்டுப் புழுக்களை எண்ணி முடியவில்லை. பன்னிரண்டாம் நாள் பந்தலில் உப்பிய பழுப்புக் கூடுகளும், அசுவினி உரித்துப் போட்ட வெள்ளைத் தோல்களும்தான் மிச்சம். நட்டம் இல்லாமல் இல்லை. ஒரு பறிப்பு போயிற்று; அடுத்த பறிப்பும் பாதிதான். பொங்கலுக்கு முந்தைய சந்தைக்கு நல்ல காய் கிடைத்தது, நினைத்த அளவு இல்லை. ஆனால் தை முழுக்கவும் மாசி பாதி வரைக்கும் பந்தல் காய்த்தது, அசுவினி திரும்பவில்லை. மருந்து அடித்திருந்தால் அந்தப் படையும் சேர்ந்து செத்திருக்கும். அடுத்த மேகமூட்டத்துக்கு மறுபடி மூடியைத் திறக்க வேண்டியிருந்திருக்கும். சித்தப்பா தை கடைசியில் வந்து பந்தலை அண்ணாந்து பார்த்துவிட்டு, "அந்த முதலைப் புழுவைக் கொஞ்சம் காட்டு" என்றார்.

தை: வீட்டுப் பஞ்சாயத்து

மார்கழி கடைசி நாள் காப்புக்கட்டு. பூளைப்பூ, ஆவாரம்பூ, வேப்பிலை மூன்றையும் சேர்த்து வீட்டிலும் பட்டியிலும் கிணற்றடியிலும் காட்டிலும் கட்டினோம். மூன்றும் அந்தப் பருவத்தில் வேலியோரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவை. வேலி முழுக்கக் களைக்கொல்லி அடித்த ஊர்களில் பூளைப்பூவைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள்.

பொங்கலுக்கு அண்ணன் குடும்பத்தோடு வந்தார். அம்மா வாக்கரைப் பிடித்து வாசல் வரை நடக்கத் தொடங்கியிருந்தார். சாப்பிட்டு முடித்து எல்லோரும் உட்கார்ந்தபோது நோட்டை எடுத்து வைத்தேன். அண்ணனோடு சண்டை போட அல்ல. அவர் பயம் நியாயமானது என்றே தொடங்கினேன். பிறகு அவரைப் பின்னால் கூட்டிப்போய் மார்கழியில் நட்ட குச்சிகளைக் காட்டினேன். பாசி எதனால் வருகிறது, பங்காளி வீட்டுச் சிமெண்டில் என்ன ஆகியிருக்கிறது என்று காட்டினேன். ஒரு கணக்கும் சொன்னேன். ஐந்து சென்ட் என்பது ஏறத்தாழ 200 சதுர மீட்டர். 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் அதில் விழுவது ஏறத்தாழ 5,000 லிட்டர் தண்ணீர். இப்போது அது மண்ணுக்குள் போய்க் கிணற்றுக்குச் சேர்கிறது. சிமெண்ட் போட்டால் அந்த 5,000 லிட்டரும் எங்கே போகும்? வாசல் வழியாகத் தெருவுக்கு, இல்லாவிட்டால் சுவரடிக்கு.

அண்ணன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அதெல்லாம் சரிடா, அம்மா நடக்கறதுக்கு என்ன வழி?" என்று கேட்டார். சரியான கேள்வி. அங்கேயே உட்கார்ந்து முடிவு செய்தோம். துவைக்கிற கல்லை நிழலுக்கு வெளியே, சுவரிலிருந்து ஒன்பதடி தள்ளி, வெயில் விழுகிற இடத்துக்கு மாற்றுவது. பின்வாசலிலிருந்து அந்தக் கல் வரைக்கும், கழிப்பறை வரைக்கும் மூன்றடி அகலத்துக்குச் சொரசொரப்பான பலகைக்கல் பதிப்பது. கல்லுக்கும் கல்லுக்கும் இடையே மண் விட்டால் தண்ணீர் இறங்கும். ஒரு பக்கம் பிடித்து நடக்க இரும்புக் குழாய்க் கைப்பிடி. துவைக்கிற தண்ணீர் தேங்காமல் வாழைக்கு ஓடச் சரிவான வாய்க்கால். மீதி எல்லாம் மண்ணாகவே இருக்கட்டும். கல்லுக்கும் குழாய்க்கும் அண்ணன் பணம் கொடுத்தார். சிமெண்டுக்கு ஆகிற செலவில் பாதிகூட ஆகவில்லை.

வயதானவர்கள் உள்ள வீட்டில் புழக்கடையைக் காப்பாற்ற வேண்டும் என்றால் முதலில் அவர்களுடைய பாதுகாப்புக்கு வழி சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் மண்ணின் பெருமையை மட்டும் பேசினால் வீட்டில் எடுபடாது.

மாசி: பனி கழன்றது

மாசியில் வேம்பு உதிரத் தொடங்கியது. காலையில் கூட்டினால் மாலைக்குள் மறுபடி ஒரு விரிப்பு. அத்தனையும் நெல்லிக்கும் மாவுக்கும் மூடாக்கு. கோடை வெயில் வருவதற்குச் சற்று முன்னால் மரம் தானே தரையை மூடிவிடுகிறது. நாம் கூட்டி வெளியே கொட்டாமல் இருந்தால் போதும்.

மாமரம் தை கடைசியில் பூத்து நின்றது. பூங்கொத்தைச் சுற்றித் தேனீயைவிட ஈக்கள்தான் அதிகம். மாவின் மகரந்தச் சேர்க்கைக்கு ஈக்கள் பெரிய துணை. சாதாரண வீட்டு ஈகூட அதில் உண்டு. பூத்திருக்கும்போது எந்தக் கரைசலையும், இயற்கைக் கரைசலானாலும், பூமேல் தெளிக்காமல் இருப்பது நல்லது. தத்துப்பூச்சியைக் கவனிக்க வேண்டிய நேரம் பூ மலர்வதற்கு முன்னால். கொத்துக்கு அருகே கையைக் கொண்டுபோனால் 'படபட'வெனத் தெறித்துப் பறந்தால் அது இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

மாசி பாதியில் ஒரு விடியலில் குயில் கூவியது. பனிக்காலம் முழுக்க வாயைத் திறக்காமல் இருந்த பறவை. நோட்டில் அன்றைக்கு அந்த ஒரு வரிதான். அதற்குள் அம்மா புதுக் கல்லின் மேல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பந்தல் வரைக்கும் நடந்து, விதைக்கு விட்ட அவரை நெற்றுகளைத் தானே தொட்டுப் பார்த்து, "இன்னும் ஒரு வாரம் காயட்டும்" என்று சொல்லும் அளவுக்கு வந்துவிட்டார்.

நண்பர்களே, அடுத்த பனிக்காலத்தில் நீங்களும் ஒரு நோட்டு போடுங்கள். நாளுக்கு ஒரு வரி போதும். வாலாட்டி வந்த நாள், அவரை முதல் பூ, முதல் பொறிவண்டு, மார்கழி நடுப்பகல் நிழலின் அளவு, தேங்காய் எண்ணெய் உறைந்த நாள், மாவின் முதல் பூங்கொத்து, வேம்பு உதிரத் தொடங்கிய நாள், குயிலின் முதல் கூவல். இவை எட்டையும் மூன்று ஆண்டு எழுதினால் உங்கள் ஊருக்கான பனிக்காலப் பஞ்சாங்கம் உங்கள் கையில் இருக்கும். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களிடம் தினமும் ஒரு கேள்வி கேட்டு வாங்கிக்கொண்டு பின்வாசலைத் திறங்கள். எங்கள் நோட்டில் இந்த ஆண்டுக்கான பக்கத்தை அம்மா இப்போதே மடித்து வைத்திருக்கிறார். விதை அவரை உறியில் தொங்குகிறது.